மெட்டல் கேட்க எந்த முள்?

போன ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட் பக்கம் காபிப்பொடி வாங்கப் போயிருந்தேன். கொல்கத்தாவில் நம்மவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். ஒரு தம்பி வந்து கையைக் கொடுத்தார். தஞ்சாவூர்ப் பக்கமாம். சால்ட் லேக்கில் ஐ.டி. வேலை, வந்து எட்டு மாதம் ஆகிறதாம்.

"சார், நீங்க எல்பி ரெக்கார்டெல்லாம் கேப்பீங்கன்னு சொன்னாங்க. நானும் ஒரு டர்ன்டேபிள் வாங்கியிருக்கேன். அதுல வந்த கார்ட்ரிட்ஜ் சரியில்ல, மாத்தணும். நான் கேக்கிறது மெட்டாலிகா, ஸ்லேயர், அயர்ன் மெய்டன், இவ்ளோதான். எப்படியும் சத்தம்தானே சார்? கம்மி விலைல ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

கையில் பை, பின்னால் வீட்டம்மா, மேலே வெயில். அவசரத்தில் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் உறுத்தியது. அந்த "எப்படியும் சத்தம்தானே" இருக்கிறதே, அதை ஒரு காலத்தில் நானே சொல்லியிருக்கிறேன். சொன்னதற்கு ஒரு நல்ல தட்டைப் பலியும் கொடுத்திருக்கிறேன். ஆகவே தம்பி, இதுதான் உங்களுக்கான முழு பதில். பழைய தட்டுகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக மாற்றலில் போய்க்கொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கலாம்.

(முன்னெச்சரிக்கை: நான் ஒலிப்பொறியாளன் இல்லை. பி.காம். படித்துவிட்டுக் கடன் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் வங்கிக்காரன். இதெல்லாம் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டது.)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற இசைக்கு எப்படியோ, ஹெவி ராக்கும் மெட்டலும் கேட்பவருக்குத்தான் நல்ல முள் கட்டாயம் வேண்டும். அந்த இசை சத்தமானது என்பதால் அல்ல. முள் கெட்டுப்போனதை அந்த இசை நம்மிடம் சொல்லாது என்பதால்.

வீணையோ வயலினோ கேட்கிறீர்கள் என்று வையுங்கள். முள் தேய்ந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் காது சுளிக்கும். சுத்தமான ஒலியில் அழுக்கு உடனே தெரியும். மெட்டலில் கிடாரே கரகரவென்றுதான் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை வேண்டுமென்றே திணறடித்து உண்டாக்கிய கரகரப்பு அது. டீப் பர்ப்பிளின் ஜான் லார்ட், ஹாம்மண்ட் ஆர்கனைக்கூட மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செருகி உறுமவைத்த மனிதர். இவ்வளவு உறுமலுக்கு நடுவில் ஒரு தேய்ந்த முள்ளும் சேர்ந்து உறுமினால் யாருக்குத் தெரியும்? பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் முள் தட்டைச் செதுக்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் கூர்ந்து கேட்டால் வித்தியாசம் உண்டு. கிடார் ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர்கள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாகப் படுத்துவிடும். ஆகவே கிடாரின் கரகரப்பெல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழே. மேல்மாடியில் குடியிருப்பவர்கள் வேறு: சிம்பல், ஹை-ஹாட், டிரம் குச்சி படும் அந்த முதல் நொடி, பாடுபவரின் "ஸ"வும் கத்தலும். மோசமான முள் முதலில் இடிப்பது இந்த மேல்மாடியைத்தான். சிம்பல் "ஸ்ஸ்ஸ்" என்று கரையாமல் "க்ஷ்ஷ்" என்று கிழிந்தால் அது பாட்டின் குணமில்லை, உங்கள் முள்ளின் குணம்.

எங்கே முதலில் கிழியும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிள் பக்கம் போகும்போது அது சுமார் 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். அதாவது 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை, வெளியே 50 மைக்ரான் நீளத்தில் சௌகரியமாகப் படுத்திருக்கிறது. உள்ளே அதே அலையை 20 மைக்ரானில் மடக்கி வைக்க வேண்டும். மலிவான கார்ட்ரிட்ஜில் வரும் கூம்பு முள்ளின் நுனி ஆரம் சுமார் 15 மைக்ரான். அந்த வளைவுக்குள் அது நுழையவே முடியாது. பம்பாய் லோக்கலில் ஹோல்டாலோடு ஏறுகிற நம்மூர் மாமா மாதிரிதான். நீள்வட்ட முள்ளின் ஓர ஆரம் 7, 8 மைக்ரான். அது ஓரளவு நுழையும். மைக்ரோலைன் என்று சொல்கிறார்களே, அது 3 மைக்ரான், சுலபமாகப் போய்வரும்.

இனி மெட்டல் ஆல்பங்களில் கடைசிப் பாட்டு என்ன என்று பாருங்கள். மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' (1986) இரண்டாம் பக்கம் ஏறக்குறைய 28 நிமிடம். ஒரு பக்கத்தில் இவ்வளவு அடைத்தால் பள்ளங்களை நெருக்கமாகவும் சின்னதாகவும்தான் வெட்ட முடியும். அந்தப் பக்கத்தின் கடைசியில், லேபிளை ஒட்டி, எதை வைத்தார்கள்? 'டேமேஜ், இங்க்'. தட்டிலேயே மிக வேகமான பாட்டுகளில் ஒன்று! அயர்ன் மெய்டனின் 'பவர்ஸ்லேவ்' (1984) முடிவது 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்' என்ற பதின்மூன்றரை நிமிடப் பாட்டோடு. பாட்டின் உச்சக்கட்டமும் புரூஸ் டிக்கின்சனின் கத்தலும் எங்கே வருகின்றன? உள்வட்டத்தில். ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' (1986) மொத்தமே 29 நிமிடம்தான் என்பதால் கொஞ்சம் தப்பித்தது. மெல்லிசைக்காரர்கள் பக்கத்தின் கடைசியில் ஒரு மெதுவான பாட்டை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். நம் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் குறைவு.

இப்போது அந்தப் பலி கதை.

எங்கள் வீடு பெரம்பூரில். பக்கத்து வீட்டு அங்கிள் ரயில்வேக்காரர், ஆங்கிலோ இந்தியர். பெரம்பூரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், எங்களில் பல பேருக்கு ராக் இசை வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட பக்கத்து வீடுகளின் ஜன்னல் வழியாகத்தான். 1998-இல், நான் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கும்போது, அவர் குடும்பத்தோடு பெர்த்துக்குக் கிளம்பினார். போகும் முன் 23 எல்பிகளைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்தார். "மேன், இதெல்லாம் வித்துடாத. ஒரு நாள் வந்து கேப்பேன்" என்றார். எங்கள் வீட்டில் அப்போது ரெக்கார்டு பிளேயரே கிடையாது.

அந்த 23-இல் ராஜா, டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' (1972). எச்.எம்.வி.யின் தம் தம் தொழிற்சாலையில் அச்சான இந்தியப் பிரதி. உறையின் மூலையில் நீல மையில் அங்கிளின் பெயர், கீழே 1974. நான் வேலைக்குச் சேர்ந்து ஊர் ஊராகப் போனபோது என் சர்ட்டிபிகேட் ஃபைலும் இந்தப் பெட்டியும் மட்டும் லாரியில் ஏறாது, என்னோடு ரயிலில் வரும்.

2014-இல் நாக்பூரில் இருந்தபோது பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். அதில் ஏற்கெனவே ஒரு கார்ட்ரிட்ஜ் இருந்தது. முள் எத்தனை வருடப் பழசு என்று அவருக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை. கடன் கொடுக்கும்போது பத்து வருட பேலன்ஸ் ஷீட் கேட்கிறவன், முள்ளுக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை பாருங்கள்! இரண்டு மூன்று தட்டுகளில் முள் துள்ளியது. உடனே என் மூளை வேலை செய்தது. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து செல்லோடேப் போட்டு டோன்ஆர்மின் தலையில் ஒட்டினேன். துள்ளல் நின்றுவிட்டது. ஆகா, எஞ்சினியர்!

அந்த நாணயம் கிட்டத்தட்ட 4 கிராம். அந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தாங்க வேண்டிய எடை மொத்தமே 2 கிராம் சுமார். அதாவது தேய்ந்து உளி போலான ஒரு வைரத்தை மூன்று மடங்கு எடையோடு பள்ளத்தில் இறக்கி, இரண்டு வருடம், வாராவாரம் 'மெஷின் ஹெட்' கேட்டிருக்கிறேன். அதுவும் இரண்டாம் பக்கம். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'இல் ஆரம்பித்து 'ஸ்பேஸ் டிரக்கின்' வரைக்கும். கடைசியில் இயன் கில்லன் கத்துவார் பாருங்கள், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்துகொண்டே வந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கத்தல்தானே, கத்தினால் தொண்டை கிழியத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

கொல்கத்தா வந்தபின் 2022-இல் புது டர்ன்டேபிளும் நல்ல கார்ட்ரிட்ஜும் வாங்கி அதே தட்டைப் போட்டேன். முதல் பக்கம் 'ஹைவே ஸ்டார்' ஆரம்பித்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவ்வளவு சுத்தம். இரண்டாம் பக்கம் திருப்பினோம். 'லேஸி' வரை சரி. அதன்பின் என் மகள், அப்போது எட்டாம் வகுப்பு, ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, கடைசிப் பாட்டு மட்டும் ஏன் பேப்பர் கிழிக்கிற மாதிரி இருக்கு?" என்றாள்.

(நாற்பதைத் தாண்டிய காதுக்கு மேல்மாடிச் சத்தம் குறைந்துவிடும். வீட்டில் ஒரு சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு கார்ட்ரிட்ஜ் சோதிப்பது நல்லது. கூலி ஒரு எக் ரோல்.)

நான் முதலில் புது கார்ட்ரிட்ஜைத்தான் சந்தேகப்பட்டேன். விற்றவரோடு தொலைபேசியில் சண்டைகூடப் போட்டேன், பாவம் அவர். பிறகு மிர்ஸா காலிப் தெருவில் (ஊர்க்காரர்கள் இன்னும் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் என்றுதான் சொல்கிறார்கள்) பழைய ரெக்கார்டு கடைகளில் தேடி, அதே ஆல்பத்தின் இன்னொரு இந்தியப் பிரதியை எடுத்துவந்து போட்டேன். கில்லன் கத்தினார். தொண்டை கிழியவில்லை. எனக்குத்தான் அடிவயிற்றில் என்னமோ செய்தது.

முள் போனால் வாங்கலாம். பள்ளம் போனால் போனதுதான். ஒரு சின்ன ஆறுதல் உண்டு: மைக்ரோலைன் மாதிரி மெல்லிய முள், பள்ளத்தின் சுவரை உயரவாக்கில் நீளமாகத் தொடுகிறது. ஆகவே பழைய முள் படாத இடத்தையும் கொஞ்சம் தொட்டு, பாதி சேதமான தட்டைச் சில சமயம் பிழைக்கவைக்கும். என் தட்டில் 'ஸ்பேஸ் டிரக்கின்' மட்டும் பிழைக்கவில்லை.

சரி, எதை வாங்குவது?

"மெட்டலுக்கு டிஜே கார்ட்ரிட்ஜ் வாங்கு, அதில்தான் பேஸ் நிற்கும்" என்று ஒரு வேதாந்தம் உலவுகிறது. இது தப்பு. தட்டில் பேஸ் வெட்டும்போதே குறைத்துத்தான் வெட்டுகிறார்கள். கேட்கும்போது ஃபோனோ ஆம்ப்ளிஃபையர் அதை மறுபடி ஏற்றிக் கொடுக்கிறது. 1954 முதல் இதற்கு ஆர்ஐஏஏ என்று ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. பேஸ் சரியில்லை என்றால் முதலில் ஃபோனோ ஸ்டேஜையும் ஸ்பீக்கரையும் பாருங்கள். டிஜே கார்ட்ரிட்ஜ் தட்டை முன்னும் பின்னும் இழுத்து ஆட்டுவதற்காகச் செய்தது. பெரும்பாலும் கூம்பு முள். 3, 4 கிராம் எடை வைக்கச் சொல்வார்கள். ஷூர் நிறுவனத்தின் எம்44-7, 9.5 மில்லிவோல்ட் வெளியீடு தரும். சாதாரணக் கார்ட்ரிட்ஜைப்போல இரண்டு மடங்கு. ஆகவே கேட்டவுடன் "அடேங்கப்பா" என்றிருக்கும். அது வால்யூம்தான், தரம் அல்ல. ஷூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இப்போது அதன் பெயரில் கிடைப்பது பழைய இருப்பு அல்லது வேறு யாரோ செய்த மாற்று முள்.

மறுபக்கம், மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ்தான் உசத்தி என்று ஒரு கூட்டம். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் டெனான் டிஎல்-103-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1960களிலிருந்து வருகிற புகழ்பெற்ற கார்ட்ரிட்ஜ். வெளியீடு 0.3 மில்லிவோல்ட்தான். அதைத் தூக்கிக் கொடுக்கத் தனி ஆம்ப்ளிஃபையரோ டிரான்ஸ்ஃபார்மரோ வேண்டும். கனமான டோன்ஆர்மும் வேண்டும். முள் கூம்பு. தேய்ந்தால் நாமே கழற்றி மாட்ட முடியாது, மொத்தமாக மாற்ற வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீட்டைக் காலி செய்கிற நமக்கு இது சரிவராது என்பது என் அபிப்பிராயம். லாரியிலிருந்து சாமான் இறக்கும்போது எவனாவது முள்ளை உடைத்தால் அன்றைக்கே இன்னொரு முள்ளைச் செருகிக்கொள்ளும் வசதி மூவிங் மேக்னட்டில்தான் இருக்கிறது.

நான் வாங்கியது ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசை. 2018-இல் வந்தது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, உடம்பு ஒன்று, முள் பல. கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா எல்லாம் ஒரே உடம்பில் மாட்டலாம். 78 ஆர்பிஎம் பழைய தட்டுகளுக்குக்கூடத் தனி முள் உண்டு. (தாத்தா வீட்டுப் பரணில் கிடக்கும் எம்.கே.டி. தட்டை எல்பி முள்ளால் கேட்காதீர்கள்.) தம்பி, உங்கள் டர்ன்டேபிளோடு இந்த வரிசையின் நீள்வட்ட முள் வந்திருந்தால் கார்ட்ரிட்ஜையே மாற்றத் தேவையில்லை. முள்ளை மட்டும் இழுத்து மாற்றினால் போதும்.

விலையைப் பார்த்தால் மைக்ரோலைன் முள், நீள்வட்டத்தைப்போல இரண்டரை, மூன்று மடங்கு வரும். இங்கேதான் என் பி.காம். உதவிக்கு வருகிறது. முள் என்பது தேய்மானச் சொத்து. வாங்கிய விலையைப் பார்க்கக் கூடாது, மணிக்கணக்கைப் பார்க்க வேண்டும். ஆடியோ-டெக்னிகா சொல்லும் ஆயுள்: நீள்வட்டம் 300 மணி, கூம்பு 500, ஷிபாட்டா 800, மைக்ரோலைன் 1,000. கணக்குக்காக நீள்வட்டம் 6,000 ரூபாய், மைக்ரோலைன் 18,000 ரூபாய் என்று வையுங்கள். முதலாவது மணிக்கு 20 ரூபாய். இரண்டாவது 18! வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கேட்டால் நீள்வட்டம் ஒரு வருடமும் சொச்சமும் வரும். மைக்ரோலைன் நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய வரும், அதாவது ஒரு போஸ்டிங்கைத் தாண்டி. இதை என் மனைவியிடம் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். "ஏங்க, இதே மாதிரி மிக்ஸிக்கும் ஒரு தடவை கணக்குப் போட்டிருக்கலாமே" என்றாள். போகட்டும்.

தட்டின் தேய்மானத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் மலிவு முள்ளின் பக்கம் நிற்க ஆளே இருக்காது.

ஆர்டோஃபோன் பிடிக்கும் என்றால் 2எம் ரெட்டில் ஆரம்பித்து, பிறகு அதே உடம்பில் புளூ முள்ளைச் செருகலாம். ரெட் மெட்டலுக்குக் கொஞ்சம் முரட்டுத்தனம், உள்வட்டத்தில் திணறும், புளூ பரவாயில்லை. அதற்கு மேலே உள்ள பிரான்ஸ் மெல்லிய முள், நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்கு உடம்பே வேறு. நாகஓகா எம்பி-110 சத்தம் இதமாக இருக்கிறது என்று நண்பர்கள் உருகுகிறார்கள். நானும் ஒரு நண்பர் வீட்டில் கேட்டேன். சாபாத் பழைய தட்டுகளுக்கு அழகாகவே இருந்தது. த்ராஷ் மெட்டலுக்கு எனக்கு இதம் தேவைப்படவில்லை.

எந்தக் கார்ட்ரிட்ஜ் ஆனாலும் டோன்ஆர்மோடு ஜாதகப் பொருத்தம் பார்க்க வேண்டும். 159-ஐ எடுத்துக்கொண்டு, எடை பெருக்கல் இளக்கம் இதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விடை 8-க்கும் 12-க்கும் நடுவில் வந்தால் கல்யாணம் பண்ணலாம். உதாரணமாக டெக்னிக்ஸ் எஸ்எல்-1200-இன் ஆர்ம் 12 கிராம், 2எம் ரெட் 7.2, திருகாணி ஒரு கிராம், மொத்தம் 20 சுமார், இளக்கம் 20. பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20, விடை 8. ஓரத்தில் இருந்தாலும் பாஸ். இது ரொம்பக் கீழே போனால், வளைந்த தட்டு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஸ்பீக்கர் கூம்பு பெருமூச்சு விடும். மழைக்காலமும் வெயிலும் பார்த்த நம் தட்டுகளில் வளையாதது எது?

கடைசியாக, இது பணம் செலவாகாத விஷயம். ஆனால் பலர் செய்வதில்லை. 3 மைக்ரான் முள்ளை வாங்கிக் கோணலாக மாட்டினால் அது கூம்பு முள்ளைவிட மோசம். புரொட்ராக்டர் என்ற அட்டையை அச்சிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். டோன்ஆர்ம் வளைவாகப் போவதால் இரண்டே இரண்டு இடத்தில்தான் கோணப் பிழை பூஜ்யமாகும். பேர்வால்ட் என்ற முறையில் அது மையத்திலிருந்து சுமார் 66, 121 மில்லிமீட்டரில். ஸ்டீவன்சன் முறையில் சுமார் 60, 117-இல். 60 என்பது பாட்டு முடியும் இடத்தை ஒட்டி. 'டேமேஜ், இங்க்' ஆட்கள் ஸ்டீவன்சனைப் போட்டுப் பாருங்கள். நடுவில் உள்ள பாட்டுகளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், எனக்கு அது சம்மதம். எடை பார்க்கச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். நாணயம் வேண்டாம், ப்ளீஸ்.

இதே முள்ளில் எக்கோ வெளியிட்ட இளையராஜா எல்பிகளையும் கேட்கிறேன் என்று சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் கொஞ்சம் சாந்தமாவார்கள். பொய்யில்லை, பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஜானகி அம்மாவின் "ச" கிழியாமல் வருகிறது. எங்கள் மாடிக்காரர் "தாதா, இந்தப் பாட்டு நன்றாயிருக்கிறதே" என்று இறங்கி வந்தார். (வங்காளியில் தாதா என்றால் அண்ணன். முதல் மாதம் ஒவ்வொரு முறையும் எனக்குத் தூக்கிவாரிப் போடும்.) ஸ்லேயருக்கு அவர் இன்னும் இறங்கி வரவில்லை.

பெர்த் அங்கிளுக்கு இப்போது எழுபத்தெட்டு. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் "மெஷின் ஹெட் எப்படி இருக்கு மேன்?" என்பார். "சூப்பரா இருக்கு அங்கிள்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த டிசம்பரில் மகளோடு பெரம்பூர் வருகிறாராம், அங்கிருந்து இரண்டு நாள் கொல்கத்தா. இரண்டு பிரதிகளும் அலமாரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. உறையை மாற்றி வைத்துவிட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது. போன வாரம் ஒருநாள் ராத்திரி மாற்றியும் வைத்தேன். மறுநாள் காலையில் ஆபீஸ் போகும்முன் திரும்பவும் எடுத்து, அவர் தட்டை அவர் பெயர் எழுதிய உறையிலேயே வைத்துவிட்டேன். வந்ததும் அவருடையதைத்தான் முதலில் போட வேண்டும். 'ஸ்பேஸ் டிரக்கின்' வரும்போது சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

தம்பி, அன்றைக்கு மார்க்கெட்டில் நான் சொன்ன கார்ட்ரிட்ஜை இன்னும் ஆர்டர் பண்ணவில்லை என்றால் பண்ணாதீர்கள். பண்ணியிருந்தால் தட்டில் வைக்கும் முன் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். தராசும் புரொட்ராக்டரும் என்னிடம் இருக்கின்றன. வரும்போது காதுள்ள நண்பர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், மகளுக்கு அரையாண்டுப் பரீட்சை.